தொலைநோக்கி மன்றத்துடையது, விபத்து நடந்தால் பொறுப்பு யாருடையது?

கேள்வி: ஐயா, எங்களுடையது சங்கமாகப் பதிவு செய்யப்பட்ட ஒரு சிறிய வானியல் ஆர்வலர் மன்றம். 26 உறுப்பினர்கள், ஆண்டுச் சந்தா 600 ரூபாய். பள்ளிக்கூடம், பூங்கா, புத்தகக் காட்சி என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் நிலாவையும் வியாழனையும் இலவசமாகக் காட்டுகிறோம். வரும் ஜனவரியில் தனியார் அமைப்பு ஒன்று நடத்தும் மூன்று நாள் அறிவியல் கண்காட்சியில் எங்களுக்கு ஸ்டால் தருகிறார்கள். அதற்கு 25 லட்சத்துக்குக் குறையாத பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுக்க வேண்டுமாம். என்ன நடந்தாலும் முழுப் பொறுப்பும் மன்றத்துடையதே என்று முத்திரைத்தாளில் கையெழுத்தும் கேட்கிறார்கள். காசு வாங்காமல் காட்டுகிற எங்களுக்கு இதெல்லாம் தேவையா? சென்ற ஆண்டு ஒரு பள்ளியில் இருட்டில் தொலைநோக்கியின் முக்காலி தடுக்கி விழுந்து 9 வயதுப் பையனுக்கு முன்பல் உடைந்தது. பெற்றோர் பெரிதுபடுத்தவில்லை. ஆனாலும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.
— பொருளாளர், கோவை மாவட்டம்

பதில்: அன்புள்ள பொருளாளர் அவர்களுக்கு,

அந்தப் பையனைப் பற்றி நீங்கள் எழுதியதுதான் என்னை முதலில் நிறுத்தியது. அதைக் கடைசியில் பேசுகிறேன். உங்களால் வெளியாருக்குக் காயமோ சேதமோ நேர்ந்தால் இழப்பீடு தருகிற இந்தக் காப்பீடு தேவையா என்றால், கட்டாயம் தேவை. ஏற்பாட்டாளர் கேட்காவிட்டாலும் தேவை.

இலவசம் என்பதால் பொறுப்பு குறைவதில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்பது மட்டுமே வித்தியாசம், ஏனென்றால் கட்டணமில்லாத சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது. பத்து ரூபாய் டிக்கெட் போட்டால் அந்த வழியும் திறந்துவிடும். ஆனால் கவனக்குறைவால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்க, அவர் உங்களுக்குப் பணம் கொடுத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் அழைப்பை ஏற்று தொலைநோக்கிக்குப் பக்கத்தில் வந்து நின்றாலே போதும்.

"சங்கம் பதிவாகியிருக்கிறதே, எங்களுக்கு என்ன?" என்று சில நிர்வாகிகள் என்னிடம் கேட்டதுண்டு. சங்கத்தின் பெயரில் வரும் கடனுக்கும் வழக்குக்கும் பதிவு ஓரளவு அரண்தான். ஆனால் முக்காலியை நடைபாதையில் வைத்த உறுப்பினர் அவருடைய கவனக்குறைவுக்குத் தனிப்பட்ட முறையிலும் பதில் சொல்ல வேண்டியவர். வழக்குப் போடுகிறவர் சங்கம், தலைவர், செயலாளர், அந்த உறுப்பினர் என்று எல்லோரையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பார். 26 பேரின் சந்தாவைக் கூட்டினால் ஆண்டுக்கு 15,600 ரூபாய். வக்கீல் செலவுக்கே அது காணாது.

2006 ஏப்ரல் 10 அன்று உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில், விக்டோரியா பூங்காவில் நடந்த நுகர்பொருள் கண்காட்சியின் பந்தல் தீப்பிடித்து 65 பேர் இறந்தார்கள். அந்த வழக்கில் 2022 ஏப்ரலில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் கண்காட்சி நடத்துகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். பந்தலும் மின்வேலையும் ஒப்பந்தக்காரர் செய்தவை, ஆகவே பொறுப்பு அவருடையது என்று ஏற்பாட்டாளர்கள் வாதாடினார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. இழப்பீட்டில் 60 சதவீதம் ஏற்பாட்டாளர்களும் 40 சதவீதம் மாநில அரசும் தர வேண்டும் என்றும், தொகையை மோட்டார் வாகன விபத்து வழக்குகளில் கணக்கிடும் முறையில் கணக்கிட வேண்டும் என்றும் சொன்னது. உங்கள் ஏற்பாட்டாளர் முத்திரைத்தாள் கேட்பதற்குப் பின்னால் இந்த மாதிரிப் பயம்தான் இருக்கிறது. அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயம் முழுவதையும் உங்கள் 26 பேரின் தலையில் இறக்கிவைக்க விடக் கூடாது.

அந்தக் கணக்கிடும் முறையை வைத்துப் பார்த்தால், அவர் கேட்கும் 25 லட்சம் போதுமா என்பது தெரிந்துவிடும். விபத்தில் இறந்தவர் 30 வயதுக்காரர், சொந்தத் தொழில், மாதம் 30,000 ரூபாய் வருமானம், மனைவி, இரண்டு குழந்தைகள், தாயார் என்று நான்கு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டினால் 42,000. அவருடைய சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 31,500. ஆண்டுக்கு 3,78,000. இதை எத்தனையால் பெருக்க வேண்டும் என்பது வயதைப் பொறுத்தது, 30 வயதுக்கு 17. மொத்தம் 64,26,000 ரூபாய். ஈமச்செலவு போன்ற சில்லறைத் தலைப்புகளை நான் இதில் சேர்க்கவில்லை. போதாததற்கு, நம் நாட்டுப் பாலிசிகள் பெரும்பாலானவற்றில் வக்கீல் செலவும் நிறுவனம் தரும் உச்சத் தொகைக்குள், அதாவது வரம்புக்குள்தான் அடங்கும். ஏற்பாட்டாளர் 25 லட்சம் கேட்டது அவருடைய படிவத்தில் இருக்கும் ஓர் எண், அவ்வளவுதான். நீங்கள் ஒரு கோடிக்கு விலை கேளுங்கள். வரம்பு நான்கு மடங்கானால் பிரீமியமும் நான்கு மடங்காகும் என்று நினைக்காதீர்கள்.

வரம்பில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று ஒரு விபத்துக்கு, மற்றது ஓர் ஆண்டு முழுவதற்கும். ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு என்று விகிதமாகச் சொல்வார்கள். ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நிகழ்ச்சி நடத்துகிற உங்களுக்கு ஒன்றுக்கு இரண்டு, அதாவது ஆண்டு வரம்பு ஒரு விபத்து வரம்பைப் போல இரண்டு மடங்காக இருப்பது, நல்லது. எக்சஸ் என்று ஒரு தொகையும் இருக்கும். ஒவ்வொரு கிளைமிலும் அந்த அளவு உங்கள் கையிலிருந்து போகும். அது எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

பெயர்க் குழப்பம் ஒன்றும் இருக்கிறது. நீங்கள் ஏஜெண்டிடம் "பப்ளிக் லையபிலிட்டி" என்று மட்டும் சொன்னால், 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் பாலிசியை எடுத்து நீட்டக்கூடும். அது போபால் விபத்துக்குப் பின் வந்த சட்டம். அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் ஆலைகளுக்கும் கிடங்குகளுக்கும் உரியது. உங்களுக்கு வேண்டியது அந்தச் சட்டத்துக்கு வெளியே விற்கப்படும், தொழிற்சாலை அல்லாத இடங்களுக்கான பொதுப் பொறுப்புப் பாலிசி. கண்காட்சி, திருவிழாச் சந்தை, பந்தல் எல்லாம் அந்த வகையில்தான் வருகின்றன.

நான் 30 ஆண்டுகளுக்கு மேல் பொதுக் காப்பீட்டுத் துறையில், பெரும்பகுதி கிளைம் பிரிவில், வேலை பார்த்தவன். ஒரு கிளைமை என்னால் மறக்க முடியவில்லை. உங்களைப் போலவே ஒரு சிறிய ஆர்வலர் சங்கம், ஆடி மாதம், மைதானத்தில் ஸ்டால். இரும்புச் சட்டத்தில் கட்டிய ஃப்ளெக்ஸ் பலகை காற்றில் சாய்ந்து, குனிந்து புத்தகம் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் தோளில் விழுந்தது. காறை எலும்பு முறிந்தது. சங்கத்தினர் பதறிப்போய் அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். செயலாளர் பிளாஸ்டிக் உறையில் பாலிசியை வைத்துக்கொண்டு என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். ஒழுங்காகப் பிரீமியம் கட்டியிருந்தார்கள். ஆனால் பாலிசி அட்டவணையில் "காப்பீடு செய்யப்பட்ட இடம்" என்ற கட்டத்தில் இருந்தது அவர்களுடைய மாடி அலுவலகத்தின் முகவரி. மைதானம் அதில் இல்லை. நிராகரிப்புக் கடிதத்தை எழுதியவன் நான். பாலிசி எழுதிய அன்று யாராவது ஒருவர், "நீங்கள் எங்கே போய்க் கண்காட்சி வைப்பீர்கள்?" என்று கேட்டிருந்தால் போதும். யாரும் கேட்கவில்லை.

அதனால் உங்கள் பாலிசியில் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கட்டத்தை. ஜனவரி நிகழ்ச்சிக்கு மட்டும் என்றால் மைதானத்தின் முழு முகவரியும் ஸ்டால் எண்ணும் வேண்டும். ஸ்டால் போடும் முந்தைய நாளும் பிரிக்கும் மறுநாளும் காப்பீட்டுக் காலத்துக்குள் இருக்க வேண்டும். சாமான் ஏற்றி இறக்கும் நேரத்தில் நடக்கும் விபத்து குறைவல்ல. ஆண்டுப் பாலிசி என்றால், தமிழ்நாட்டுக்குள் மன்றம் நிகழ்ச்சி நடத்தும் எல்லா இடங்களுக்கும் பொருந்தும் என்று எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் கடிதம் கொடுத்து, அந்த இடத்தைப் பாலிசியில் சேர்த்து எழுதும் எண்டார்ஸ்மென்ட் வாங்கும் ஏற்பாட்டையாவது பேசி வையுங்கள். மூன்று நாளுக்கும் ஓர் ஆண்டுக்கும் தனித்தனியே விலை கேட்டுப் பாருங்கள். குறைந்தபட்சப் பிரீமியம் என்று ஒன்று இருப்பதால் மூன்று நாள் பாலிசி நீங்கள் எதிர்பார்க்கும் அளவு மலிவாக இருக்காது. உங்கள் நிகழ்ச்சிகளின் எண்ணிக்கைக்கு ஆண்டுப் பாலிசிதான் பொருந்தும் என்பது என் கருத்து. பிரீமியத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு.

அந்தச் செயலாளரின் கிளைமில் முகவரி சரியாக இருந்திருந்தாலும் இன்னொரு சிக்கல் காத்திருந்தது. புயல், வெள்ளம், நில நடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்தால் விளையும் பொறுப்பு அடிப்படைப் பாலிசியில் இல்லை. கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். திறந்தவெளியில் நிற்கிற உங்களுக்கு அது வேண்டும்.

அடுத்தது, காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் ப்ரொப்போசல் படிவத்தில் நீங்கள் செய்வதைச் சொல்கிற இடம். அங்கே "அறிவியல் விழிப்புணர்வு" என்று எழுதி முடித்துவிடாதீர்கள். இரவு வான்நோக்கல், மின்விளக்கை அணைத்த மைதானம், பெரிய தொலைநோக்கிக்கு ஏணி, நட்சத்திரத்தைச் சுட்டிக்காட்டப் பச்சை லேசர், பகலில் சூரியனைக் காட்டுவது என்று ஒவ்வொன்றையும் எழுதுங்கள். நிறுவனம் சூரியனுக்கு நிபந்தனை போடலாம், லேசரை விலக்கலாம். முன்கூட்டியே தெரிந்தால் அதற்கேற்ப நடந்துகொள்வீர்கள். மறைத்து எடுத்த பாலிசி கிளைம் வரும் நாளில் கைவிட்டுவிடும்.

சூரியனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணத்தின் பாதை உங்கள் கோவை வழியாகத்தான் போனது. அன்று எவ்வளவு கூட்டம் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். தொலைநோக்கி வழியாக வடிகட்டி இல்லாமல் சூரியனைப் பார்த்த கண்ணுக்கு நேரும் சேதம் வலி தெரியாமலே நேரும், திரும்பியும் வராது. கண்ணருகே திருகும் பழைய வடிகட்டிகள் சூட்டில் விரிசல் விடக்கூடியவை. அவற்றைத் தூக்கி எறிந்துவிடுங்கள். வடிகட்டி குழாயின் முன்வாயில் இருக்க வேண்டும், காற்றோ குழந்தையின் கையோ தட்டிவிடாதபடி டேப் ஒட்டியிருக்க வேண்டும். குழாயின் பக்கத்தில், பார்க்க வேண்டியதைத் தேடிப் பிடிக்க வைத்திருக்கும் சிறிய தேடுநோக்கியையும் மூடிவையுங்கள், அல்லது கழற்றிவிடுங்கள். பெரிய குழாயைப் பத்திரமாக மூடிவிட்டு இதை மறப்பதுதான் வழக்கமான தவறு. ஓர் உறுப்பினர் தொலைநோக்கியை விட்டு நகரவே கூடாது. தேநீர் குடிக்கப் போனால் குழாயைச் சூரியனிலிருந்து திருப்பி, மூடி போட்டுவிட்டுப் போகட்டும். இதையெல்லாம் காப்பீட்டுப் பதிலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நியாயமான முன்னெச்சரிக்கை எடுத்திருக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனைகளில் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, போன கண்ணுக்கு எந்தப் பாலிசியும் ஈடாகாது.

இனி அந்த முத்திரைத்தாள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 124ஆம் பிரிவு சொல்கிற ஈட்டுறுதி ஒப்பந்தம் இது. ஒருவருக்கு வரும் நட்டத்தை நான் ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுப்பது. "என்ன நடந்தாலும் முழுப் பொறுப்பும்" என்று கையெழுத்துப் போட்டால், ஏற்பாட்டாளரின் ஜெனரேட்டரில் மின்கசிவு வந்தாலும், அவர் போட்ட பந்தல் சரிந்தாலும் அந்த நட்டத்தை உங்களிடம் கேட்க அவருக்குத் தாள் கிடைத்துவிடுகிறது. பாலிசி அதைச் சுமக்குமா என்றால் சுமக்காது. ஒப்பந்தத்தால் மட்டும் நீங்களாக வாங்கிக்கொண்ட பொறுப்பு பாலிசியிலிருந்து விலக்கப்பட்டிருக்கிறது. அந்த ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் சட்டப்படி உங்கள் மேல் விழுந்திருக்கக்கூடிய பொறுப்பை மட்டுமே நிறுவனம் ஏற்கும். இரண்டுக்கும் நடுவில் விழும் தொகை மன்றத்தின் தலையில், கையெழுத்துப் போட்டவரின் தலையில்.

ஆகவே அந்த வரியை மாற்றச் சொல்லுங்கள். "மன்றத்தின் அல்லது அதன் உறுப்பினர்களின் கவனக்குறைவால் மன்றத்தின் ஸ்டாலில் ஏற்படும் காயத்துக்கும் சேதத்துக்கும் மன்றம் பொறுப்பேற்கும். ஏற்பாட்டாளரின் பந்தல், மின் இணைப்பு, கூட்ட ஒழுங்கு ஆகியவற்றால் ஏற்படுபவற்றுக்கு மன்றம் பொறுப்பல்ல." இவ்வளவு போதும். இன்னும் உறுதி வேண்டும் என்று அவர் கேட்டால், உங்கள் பாலிசியில் அவருடைய பெயரையும் சேர்க்க முடியுமா என்று நிறுவனத்திடம் கேட்கலாம். அவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள். மொத்தக் கண்காட்சிக்கும் அவர் பாலிசி எடுத்திருக்கிறாரா? எடுத்திருந்தால் நகல் தரட்டும். இப்படிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். நியாயமான ஏற்பாட்டாளர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

"உங்கள் சொந்தப் பொறுப்பில் பார்க்கவும்" என்று பலகை வைத்தால் போதாதா என்றும் கேட்பார்கள். எச்சரித்தோம் என்பதற்கு அது சாட்சியாகும், வையுங்கள். ஆனால் உங்கள் கவனக்குறைவை அது துடைத்துவிடாது. 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தமே செல்லாது எனும்போது ஒன்பது வயதுப் பிள்ளையைப் பலகை எப்படிக் கட்டுப்படுத்தும்?

இந்தப் பாலிசி வெளியாருக்கு நேரும் காயத்துக்கும் அவர்கள் பொருளுக்கு வரும் சேதத்துக்கும் மட்டுமே. உங்கள் தொலைநோக்கி விழுந்து கண்ணாடி உடைந்தால் இதில் வராது, அதற்கு வேறு பாலிசி. உங்கள் உறுப்பினருக்கே அடிபட்டால் என்ன என்பதையும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்குத் தனியாக விபத்துக் காப்பீடு எடுப்பதே நல்லது. மும்பையின் ஜிஎஸ்பி சேவா மண்டல் 2022 விநாயகர் சதுர்த்திக்கு 316.4 கோடிக்குக் காப்பீடு எடுத்தபோது, அதில் 263 கோடி தன்னார்வலர், அர்ச்சகர், சமையல்காரர், காவலர் ஆகியோருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு. பக்தர்களுக்கும் பந்தலுக்குமான பொறுப்புக்கு 20 கோடி. இரண்டையும் தனித்தனியே வைத்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். உங்கள் அளவுக்கு, 18 முதல் 70 வயது வரையுள்ள உறுப்பினர்கள் அவரவர் வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டி, விபத்து மரணத்துக்கு 2 லட்சம் தரும் பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனாவிலாவது சேர்ந்திருக்கட்டும்.

பணத்தைக் கடைசி நாள் வரை இழுக்காதீர்கள். 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவுப்படி, பிரீமியம் கைக்கு வராமல் நிறுவனம் பொறுப்பேற்க முடியாது. "சார், நாளைக்கு அனுப்புகிறேன், நீங்கள் பாலிசி போட்டுவிடுங்கள்" என்ற பேச்சுக்கு இடமில்லை. டிசம்பர் முதல் வாரத்திலேயே ப்ரொப்போசல் கொடுத்துவிடுங்கள்.

விபத்து நடந்தால் முதலில் காயம்பட்டவரைக் கவனியுங்கள். முதலுதவி, ஆஸ்பத்திரி, கூடவே ஓர் ஆள். இதையெல்லாம் எந்தப் பாலிசியும் தடுக்கவில்லை. ஆனால் "தப்பு எங்களுடையதுதான், செலவு முழுவதும் தருகிறோம்" என்று நிறுவனத்தைக் கேட்காமல் எழுதியோ பேசியோ ஒப்புக்கொள்ளக் கூடாது. அன்றே இடத்தைப் படம் எடுங்கள், பார்த்தவர்களின் பெயரையும் போன் நம்பரையும் குறித்துவையுங்கள். பிறகு, காயம்பட்டவர் ஒன்றுமே கேட்காவிட்டாலும், நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி ரசீது வாங்குங்கள்.

இதைத்தான் பெரும்பாலான சங்கங்கள் செய்வதில்லை. நம் நாட்டுப் பொறுப்புப் பாலிசிகள், விபத்து நடந்தால் மட்டும் போதாது, இழப்பீட்டுக் கோரிக்கையும் பாலிசி காலத்துக்குள் வர வேண்டும் என்ற அடிப்படையில் எழுதப்பட்டவை. கோரிக்கை மூன்று ஆண்டு கழித்து வந்தால்? விபத்தை அப்போதே தெரிவித்திருந்தால், பின்னால் வரும் கோரிக்கையை அந்தப் பாலிசி காலத்தில் வந்ததாகவே எடுத்துக்கொள்ளும் விதி பாலிசியில் இருக்கிறது. தெரிவிக்காமல் விட்டிருந்தால் பேச இடமில்லை. குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். காலவரையறைச் சட்டம் சிறுவர்களுக்கு 18 வயது நிரம்பும் வரை காத்திருக்கிறது, அதற்கு மேலும் மூன்று ஆண்டு தருகிறது. இன்று ஒன்பது வயதில் அடிபட்ட பிள்ளை 21 வயது வரை வழக்குப் போடலாம். அதுவரை அந்தக் கடிதத்தின் நகலும் பாலிசியும் உங்கள் பீரோவில் இருக்க வேண்டும். நிர்வாகக் குழு மாறும்போது கைமாறவும் வேண்டும். புதுப்பிக்கும்போது ஒரு நாள்கூட இடைவெளி விடாதீர்கள். முதல் பாலிசியின் தொடக்கத் தேதியே ஒவ்வொரு புதுப்பித்தலிலும் தொடர வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

இப்போது அந்தப் பையன். சென்ற ஆண்டு உங்களிடம் பாலிசி இல்லை. இனி எடுக்கும் பாலிசி அந்த விபத்துக்குப் பின்னோக்கிப் போகாது. ஆனாலும் ப்ரொப்போசல் படிவத்தில் முந்தைய விபத்துகளைக் கேட்கும் இடத்தில் அதை எழுதியே ஆக வேண்டும். ஒரு பல் உடைந்ததற்காக எந்த நிறுவனமும் உங்களைத் திருப்பி அனுப்பாது.

பாலிசி இல்லாததால், ஒன்றையும் ஒப்புக்கொள்ளாதே என்று தடுக்கும் நிபந்தனையும் இந்த விஷயத்தில் இல்லை. ஒன்பது வயதில் முளைத்திருக்கும் முன்பல் நிரந்தரப் பல். அதற்கு இப்போது ஒரு சிகிச்சையும், தாடை வளர்ந்த பிறகு இன்னொன்றும் தேவைப்படலாம். அந்தச் செலவைப் பெற்றோர் சத்தமில்லாமல் சுமந்துகொண்டிருக்கலாம். குழுவைக் கூட்டி, மன்றத்தால் முடிந்ததைத் தரத் தீர்மானம் போடுங்கள். நீங்களும் தலைவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போய், பல் எப்படி இருக்கிறது, டாக்டர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். கொடுக்கிற தொகைக்கு ரசீது வாங்கிக் கணக்கில் எழுதுங்கள். பையனுக்கு இன்னும் ஆசை இருந்தால் ஜனவரி கண்காட்சிக்கு வரச் சொல்லிவிட்டு வாருங்கள். இந்த முறை முக்காலியின் மூன்று கால்களிலும் ஒளிரும் டேப் சுற்றியிருக்கட்டும்.